ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம் தேடிய வருடம்

ஜப்பானுக்குப் படிக்கப் போவது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தில் சேருவது என்று முடிவாவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த ஒரு வருடத்தில் நான் எரிந்து விழாத ஆள் எங்கள் வீட்டில் யாரும் மிச்சமில்லை.

எரியோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா முருங்கையும் தக்காளியும் போடுகிறார். நான் பி.காம். முடித்துவிட்டு வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் அலுவலக வேலையில் இருந்தேன். அந்த மில்லில் நூல் சுற்றும் இயந்திரங்கள் சில ஜப்பானிலிருந்து வந்தவை. ஒருமுறை அவை மக்கர் செய்தபோது அங்கிருந்தே ஒரு பொறியாளர் வந்தார். கூட வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் பொறியாளர் போனிடம் ஜப்பானியத்தில் பேசுவார், போன் எங்களிடம் தமிழில் பேசும். "தயவுசெய்து வயிற்றை மெதுவாகக் கழற்றவும்" என்று அது சொன்னதும் ஃபிட்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்படி ஒருநாள் எங்கள் ஃபிட்டர் அண்ணன் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் கையை நீட்டிவிட்டார். பொறியாளர் "அபுநாய்!" என்று கத்தினார். 'ஆபத்து' என்று அர்த்தம். அண்ணனுக்குக் கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது. "யாரப் பாத்து நாய்ங்கிற?" என்று திரும்பிச் சண்டைக்கு நின்றாரே தவிர கையை எடுக்கவில்லை. விரல் நுனி கிழிந்து நாலு தையல் போட்டார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அன்று அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடிப் பார்த்ததில் ஆரம்பித்ததுதான் எல்லாம். மதுரையில் இருந்த ஒரு ஆசிரியையிடம் ஆன்லைனில் சேர்ந்து இரண்டு வருடம் ஜப்பானியம் படித்தேன். சென்னைக்குப் போய், ஐந்து நிலைகளில் அடியிலிருந்து இரண்டாவதான நாலாம் நிலைத் தேர்வும் எழுதித் தேறினேன். இயந்திரத் துறையில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும், அதற்கு முதலில் அங்கே ஒரு மொழிப்பள்ளியில் சேரவேண்டும் என்று திட்டம் போட்டேன்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் போனது.

மொழிப்பள்ளிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு இணையதளம். எல்லாவற்றிலும் ஒரு செர்ரி மரம் பூத்திருக்கும். மரத்தடியில் பல நாட்டு மாணவர்கள் ஒரே நேரத்தில் எம்பிக் குதிப்பார்கள். 'அன்பான ஆசிரியர்கள், வீடு போன்ற சூழல்' என்று எழுதியிருக்கும். வகுப்பில் எத்தனை பேர், எந்த நாட்டுப் பிள்ளைகள் அதிகம், படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று தேடினால் கண்ணில் படாது. பார்க்கப் பார்க்க எனக்கு அந்தக் குதிக்கும் பிள்ளைகள்மேலேயே ஆத்திரம் வந்தது. இறங்குங்கள் கீழே, இறங்கி ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லுங்கள் என்று கத்தவேண்டும்போல் இருந்தது.

நேரடியாகப் பள்ளிகளுக்கே எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களில் பலர் 'உங்கள் நாட்டில் உள்ள முகவர் மூலம் வரவும்' என்றார்கள். ஒரு பள்ளி, நான் கல்லூரி முடித்த பிறகு இத்தனை வருடம் ஏன் படிக்கவில்லை என்று விளக்கம் கேட்டது. வேலை பார்த்தேன் என்று எழுதினேன். வேலை இருக்கும்போது ஏன் படிக்க வருகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

வீட்டில் அம்மாவுக்கு வேறு கவலை. நான் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் போதும், பின்னால் வந்து நின்றுகொள்வார்.

"எந்த ஸ்கூலா வேணா இருக்கட்டும்த்தா. நெலம் ஆடாத ஊராப் பாரு."

"அம்மா, அந்த நாடே அப்பிடித்தான். ஆடாத ஊருன்னு தனியா கெடையாது."

"அதெப்பிடி, அம்புட்டுப் பெரிய நாட்டுல ஆடாத எடம் ஒன்னு இல்லாமயா போகும்? நல்லாத் தேடு. அப்பிடியே சோத்துக்குத் தொட்டுக்கற வெஞ்சனத்துக்கு என்ன செய்வாங்கன்னும் கேளு. எல்லாத்துலயும் மீன் தண்ணிய ஊத்திருவானாம்ல."

நிலநடுக்கம் வராத, மீன் வாசனை இல்லாத, முடிந்தால் ஒரு முருகன் கோயிலும் உள்ள ஊர் அம்மாவுக்கு வேண்டும். அப்படி ஒரு ஊர் ஜப்பானில் இல்லை என்று நான் சொன்னதை, நான் சரியாகத் தேடவில்லை என்றே கடைசிவரை எடுத்துக்கொண்டார்.

அடுத்தது மாமா. அம்மாவின் தம்பி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறார். நாலு ஊர் ஆட்கள் வந்து போகும் கடை என்பதால் நாலு நாட்டு விவகாரமும் தனக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம்.

"டோக்கியோன்னு போட்டுட்டுப் போயிட்டே இரு பாப்பா. வேற ஊரு பேரச் சொன்னா இங்க எவனுக்குத் தெரியும்? நாளைக்கு ஒருத்தன் கேட்டா எனக்கே வாயில நொழையணும்ல?"

"மாமா, நான் படிக்கத்தான போறேன். உங்க வாயில நொழையிறதுக்கா போறேன்?"

"பாத்தியாக்கா எப்பிடிப் பேசுறான்னு?" என்று அம்மாவிடம் முறையிட்டார். அம்மா என்னை முறைத்தார்.

இவர்களையாவது எதிர்த்துப் பேசலாம். அப்பாவிடம் அதுவும் முடியாது. அவர் யாரையும் மறுக்கமாட்டார். நான் சின்ன ஊர்ப் பள்ளிதான் நல்லது, பேசிப் பழக வாய்ப்புக் கிடைக்கும் என்பேன். "அதுவும் சரிதான்" என்பார். அரைமணி நேரத்தில் மாமா வந்து டோக்கியோ என்பார். "அதுவும் சரிதான் மாப்ள." அம்மா வெளிநாடே வேண்டாம், திண்டுக்கல்லில் ஏதாவது படிக்கட்டும் என்றால் அதுவும் சரிதான். கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் அப்பா இருப்பார். நான் வேண்டுமென்றே அவர் தூங்கப் போகும்முன் கடைசியாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். காலையில் வயலுக்குப் போகும்போது அம்மா முந்திக்கொண்டார்.

முகவர் இல்லாமல் ஆகாது என்று தெரிந்ததும் மாமாவே ஒருவரைப் பிடித்தார். பழனி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். சுவரெல்லாம் நாடுகளின் கொடிகள். முன்பு டாக்டர் படிப்புக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது ஜப்பான் பக்கம் திரும்பியிருந்தார். மாமாவின் கடையில்தான் போன் வாங்குவார்.

நான் குறித்துவைத்திருந்த பள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அது ஃபுல் ஆயிருச்சு மேடம்."

"இது?"

"அந்த ஊருக்கு விசா வராது மேடம்."

"இன்னொன்னு இருக்கு, வடக்க—"

"பனி மேடம். நம்ம ஊரு ஒடம்பு தாங்காது."

ஒரே ஒரு பள்ளிக்கு மட்டும் இடம் இருந்தது, விசா வந்தது, பனி பெய்யவில்லை. டோக்கியோவில் இருக்கும் பள்ளி. அங்கே வகுப்பு காலையிலா மதியமா என்று கேட்டேன். "எல்லா டைமும் இருக்கு மேடம்" என்றார். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? "அது சேந்ததுக்கப்பறம் சொல்லுவாங்க." மாமா பக்கத்தில் உட்கார்ந்து டோக்கியோ என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து பப்ஸ் சாப்பிட்டுக்கொண்டு திருப்தியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று அன்றே எழுந்து வந்திருக்கவேண்டும். ஆனால் அக்டோபர் சேர்க்கைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை விட்டால் ஏப்ரல்தான். களைத்துப்போய்ச் சரி என்று தலையாட்டினேன். பள்ளியின் நேர்காணலுக்கு ஒரு நாள் குறித்தார்கள். முகவர் மனப்பாடம் செய்யச் சொல்லி, ஜப்பானியத்தில் யாரோ எழுதிக்கொடுத்த சில பதில்களை அனுப்பினார். 'சிறுவயது முதலே ஜப்பான் என் கனவு' என்று ஆரம்பித்தது. அதிலேயே இரண்டு இலக்கணப் பிழை இருந்தது. திருத்திச் சொன்னேன். "அதெல்லாம் கண்டுக்கமாட்டாங்க மேடம்" என்றார்.

நேர்காணல் அன்று மாமா, அப்பா, நான் மூவரும் போனோம். அப்பா திருவிழாவுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். மேசையில் லேப்டாப். எனக்குப் பக்கத்தில் முகவர், பின்னால் இரண்டு நாற்காலியில் அப்பாவும் மாமாவும். திரையில் ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி, கழுத்தோடு வெட்டிய முடி. நான் குனிந்து வணக்கம் சொன்னேன். கனவைப் பற்றிய பதிலை ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அது இருக்கட்டும். படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

இதற்கு மனப்பாடம் செய்த பதில் இல்லை. மில், பொறியாளர், கிழிந்த விரல் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதன்பிறகு எனக்காகவே நிறுத்தி நிறுத்திப் பேசினார். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் ஜப்பானியத்துக்கும் வேண்டிய சீன எழுத்து ஏற்கெனவே தெரிந்தவர்கள், அதனால் பாடம் மிக வேகமாகப் போகும், எழுத்து தெரியாமல் வருபவர்கள் நிறையச் சிரமப்படுகிறார்கள், பாதியில் நின்றவர்களும் உண்டு, இதை உங்கள் முகவரிடம் முன்பே சொல்லியிருக்கிறோம் என்றார். எனக்கு முக்கால்வாசிக்கு மேல் புரிந்தது.

பின்னாலிருந்து மாமா, "என்னங்க சொல்றாங்க?" என்றார்.

முகவர் திரும்பினார். "பொண்ணு ரொம்ப பிரில்லியன்ட்டுங்கிறாங்க சார். சீட் கன்ஃபர்ம்தானாம். சீக்கிரம் முடிச்சிரலாம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டேன்: "என்னைப் போன்ற ஒருத்திக்கு உங்கள் பள்ளி சரியாக இருக்குமா?"

அந்த அம்மா தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "ச்சொத்தோ..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

'கொஞ்சம்' என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். ஆனால் ஜப்பானியர் ஒருவர் அதை இப்படி இழுத்து, மேலே பேசாமல் விட்டுவிட்டால், வேண்டாம் என்று பொருள். முகத்துக்கு நேரே மறுக்க மனமில்லாமல் சொல்வது. என் ஆசிரியை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து முன்னால் வந்துவிட்டார்.

"சொத்தா? சொத்து எம்புட்டு இருக்குன்னு கேக்குறாங்களா? மூணு ஏக்கர், கெணத்தோடன்னு சொல்லு பாப்பா! மச்சான், பட்டா உங்க பேருலதான இருக்கு?"

"ஆமா சார்," என்றார் முகவர், கண்ணை மூடித் திறப்பதற்குள். "ஸ்பான்சரோட சொத்து விவரந்தான் கேக்குறாங்க. இது ரொட்டீன்."

அந்த ஒரு நொடியில்தான் எனக்குத் தெரிந்தது, இந்த மனிதருக்கு ஜப்பானியம் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. சற்று முன் அவர் மொழிபெயர்த்ததும் கேட்பவர் முகத்தைப் பார்த்து அவரே சொன்னதுதான். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. திரையில் அந்த அம்மா, திடீரென்று காமிராவுக்குள் நுழைந்து மூன்று விரலைக் காட்டிக்கொண்டிருந்த என் மாமாவைக் குழப்பத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றேன். எழுத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லித்தரும் பள்ளியாகத் தேடுங்கள், சின்ன ஊர்களிலும் நல்ல பள்ளிகள் உண்டு என்று சொல்லிக் குனிந்து விடைபெற்றார்.

லேப்டாப்பை மூடியதும் முகவர் என்மேல் பாய்ந்தார். "நீங்க பாட்டுக்கு இடையில பேசுனா எப்பிடி மேடம்? கிளியர் ஆக வேண்டியது."

"அவங்க வேணாம்னு சொன்னாங்க சார்."

"அது அவங்க ஸ்டைல் மேடம். மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

மாமாவுக்கு நடந்தது முழுதும் புரிய ரோட்டுக்கு வந்து நான் விளக்கிச் சொல்லவேண்டியிருந்தது. புரிந்த பிறகு கோபம் முகவர்மேல் போகவில்லை, என்மேல் வந்தது. "தெரிஞ்ச மனுசன் முன்னால என்னைய அசிங்கப்படுத்திட்டல்ல? மொழி ஒனக்குத் தெரியும்னா எதுக்கு எங்களக் கூட்டிட்டு வந்த?" என்றார். நான் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா மாமாவின் தோளில் கை வைத்து, "அதுவும் சரிதான் மாப்ள" என்றார்.

எரியோட்டுக்குப் பஸ் ஏறி உட்கார்ந்ததும் வெடித்தேன். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "எது சரிப்பா? அந்தாளு வாய்க்கு வந்ததச் சொல்லி ஏமாத்துறான், அது சரியா? மாமா என்னையத் திட்டுறாரு, அதுவும் சரியா? ஒரு தடவையாச்சும் இது தப்புன்னு சொல்லுங்களேன்!"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் என்னத்தத்தா சொல்ல? நீ சொல்றதும் எனக்குப் புரியல, ஒங்க மாமன் சொல்றதும் புரியல. வேணாம்னு சொன்னா ஒன்னைய மறிச்ச மாதிரி ஆயிரும். போன்னு சொன்னா தெரியாத ஊருல தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும். அதான் எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கிட்டுத் திரியிறேன்."

என் எரிச்சல் போய்விடவில்லை. அதை அவர்மேல் இறக்கிவைக்க முடியாமல் போனது, அவ்வளவுதான். அத்தனை மாதமாக நான் எல்லோரிடமும் வாதாடியிருக்கிறேனே தவிர, மொழிப்பள்ளி என்றால் என்ன என்று அப்பாவிடம் முதலிலிருந்து சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மீதி வழியெல்லாம் சொன்னேன். எத்தனை வருடம், காலையில் என்ன, மதியம் என்ன, அதற்குப்பிறகு எங்கே சேருவேன் என்று. அவர் சின்னச் சின்னதாகக் கேள்வி கேட்டார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "நீயே பாத்து முடிவு பண்ணுத்தா. ஒங்க மாமன்ட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். என்ன பேசினார் என்று தெரியாது. ஒரு மாதத்துக்கு மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அக்டோபர் சேர்க்கை போயே போய்விட்டது. நடந்ததை என் ஆசிரியையிடம் புலம்பினேன். அவருடைய பழைய மாணவி ஒருத்தி, நத்தம் பக்கத்துப் பெண், ஜப்பானின் வடக்கே ஒரு கடலோரச் சிறு நகரத்தில் படிப்பதாகச் சொல்லி எண் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வீடியோ கால் போட்டேன். ஸ்கூல் எப்படி என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ஐயோ அக்கா, அதையேன் கேக்குறீங்க!" என்று ஆரம்பித்தாள். தினமும் சீன எழுத்தில் தேர்வு வைக்கிறார்கள். தப்பு விட்டால் மதியம் உட்காரவைத்து மறுபடியும் எழுதச் சொல்கிறார்கள். தாமதமாக வந்தால் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்கிறார்கள். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான், அதனால் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளக்கூட முடியாது. தமிழ் ஆள் ஒருவரும் கிடையாது, வாயைத் திறந்தால் ஜப்பானியம்தான். பனிக்காலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது, நடக்கவேண்டும். ஊரில் பொழுதுபோக ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் குறை சொன்னாள். இத்தனை மாதத்தில் ஒரு பள்ளியைப் பற்றி என்னிடம் யாரோ உண்மையாகப் பேசியது அதுதான் முதல்முறை. அவள் சொன்ன குறைகளில் பாதி, நான் தேடிக்கொண்டிருந்தவை.

அந்தப் பள்ளி முகவர் இல்லாமலே விண்ணப்பம் வாங்கியது. என் வேலையைப் பற்றியும் இடைவெளியைப் பற்றியும் அவர்களும் குடைந்து குடைந்து கேட்டார்கள். அப்பாவின் நில விவரமும் கேட்டார்கள். இந்த முறை நிஜமாகவே சொத்துதான். நேர்காணலை வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, நான் மட்டும் இருந்து முடித்தேன். அம்மா வெளியிலிருந்து கதவைத் தட்டி, "அங்க நெலம் ஆடுமான்னு கேட்டியா?" என்றார். பிறகு காத்திருப்பு. குடிவரவுத் துறையிலிருந்து அனுமதி வந்துவிட்டது என்று பள்ளி எழுதியபோது நான் மில்லில் சம்பளக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப்பிறகு இரண்டு தடவை தப்பாகக் கூட்டினேன்.

அன்று சாயங்காலம் மாமா இனிப்போடு வந்தார். ஊர்ப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ஆனாலும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நாந்தேன் பாத்துச் சொன்னேன், டோக்கியோ எல்லாம் ஒரே கூட்டம், படிப்பு ஏறாது, சின்ன ஊராப் பாருன்னு" என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் லட்டை எடுத்துத் தின்றேன்.

ஏப்ரலில் இங்கே, இந்தக் கடலோர ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் ஒரு தேர்வு வைத்து என்னைக் கடைசி வகுப்பில் போட்டார்கள். நாலாம் நிலை தேறியவளை அரிச்சுவடி வகுப்பிலா என்று கொதித்துப்போய்ப் பள்ளி ஆசிரியையின் அறைக்குப் போனேன். அவர் என் தாளை எடுத்துக் காட்டினார். எழுத்துகளை நான் பார்த்தால் அடையாளம் சொல்லுவேன், எழுதச் சொன்னால் பாதிக்குமேல் தப்பு. தாளை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு பருவம் கழித்து மேல் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள்.

மதியத்துக்குமேல் ஒரு பல்பொருள் அங்காடியின் சமையல்கட்டில் பொரித்த பண்டங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்க்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். முதல் நாள் அவர்கள் பேசியதில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. இரண்டு வருடம் படித்தது, தேர்வு எழுதியது, இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க அத்தனை பேரோடு மல்லுக்கட்டியது எல்லாம் வீண் என்று அன்று தோன்றிவிட்டது. புத்தகத்தில் இருக்கும் ஜப்பானியம் வேறு, இவர்கள் வாயில் இருப்பது வேறு. செய்தி வாசிக்கும் தமிழை மட்டும் படித்துவிட்டு யாரோ ஒருவர் எரியோட்டுச் சந்தையில் வந்து நின்றதைப்போல.

மறுநாள் வகுப்பில் ஆசிரியையிடம், அந்தப் பெண்கள் பேசியதில் எனக்கு நினைவிருந்த ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் தெற்கே வெகுதூரத்தில் உள்ள ஒசாகா பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"எனக்கும் புரியவில்லை" என்றார். "நான் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. அவர்களிடமே கேட்டு வந்து எனக்கும் சொல்லுங்கள்."